நூற்றுப் பதிமூன்று

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் சிவப்புக் கார் நான்காவது முறையாக எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தபோது, அதன் பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நடந்து வருகிறவன் முந்திப் போகிற வேகத்தில் அது ஊர்ந்து வந்து என் பெஞ்சுக்கு முன்னால் நின்றது. மாஸ்டர் இறங்கினார். நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"இருபதுக்கு மேல போகமாட்டேங்குது பாப்பா. கத்துக்க வர்றவங்களுக்கு நல்லதுதான், பயமே இல்ல. ஆனா இன்னைக்கு ஒருத்தர் பாதி மேட்டுலயே இறங்கி, 'மாஸ்டர், நான் நடந்து மேல போய் நிக்கறேன், நீங்க மெதுவா வாங்க'ன்னுட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று முறையும் அந்தக் காரைச் சோதித்து 'கோளாறு இல்லை' என்று ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டவள் நான். பாப்பா என்றதும் பிடிக்கவில்லை. எனக்கு இருபத்து நான்கு வயது.

ஃபோர்மேன் கையில் ஏற்கெனவே ஒரு புது சென்சார் டப்பா இருந்தது. அவருக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான்: கழற்று, புதுசு போடு, அனுப்பு. எஞ்சினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தை அளக்கிற அந்தச் சின்னச் சென்சாரை இந்தக் காரில் மூன்று முறை மாற்றியாயிற்று. நான்காவதையும் மாற்றத் தயாராக நின்றார்.

"அதே கோளாறு எண்தான் வருது. அதே சென்சார்தான். கம்பெனியே மட்டமான சரக்கு அனுப்பறான்" என்றார்.

"நாலு சென்சாரும் ஒண்ணு சொன்ன மாதிரி கெட்டுப் போகுமா?"

"பட்டதாரி வாயத் திறந்துட்டாங்கப்பா. சொல்லுங்க மேடம், காலேஜ்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

இங்கே எனக்கு அதுதான் பெயர். பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக் கதவைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பது இந்த ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் எங்கள் குடும்பமும் இந்த ஒர்க்‌ஷாப்பில்தான் இருக்கிறது. பின்பக்கம், வண்டி கழுவுகிற இடத்தில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பிரஷர் பம்பைப் பிடித்து நிற்பது என் அம்மா. பன்னிரண்டு வருடமாக. எல்லோரும் பம்பக்கா என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அம்மா ஒரு சட்டம் போட்டாள்: "கேட்டுக்குள்ள வந்துட்டா நான் வாஷிங், நீ டெஸ்டிங். அம்மா கிம்மான்னு கொஞ்சிக்கிட்டு நிக்காதே." அதனால் பெற்ற தாயை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அக்கா என்று கூப்பிடுகிறேன். அவள் என்னை மேடம் என்கிறாள், அதுவும் கண்ணடித்துக்கொண்டு. எனக்கு எரிகிறது.

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள என்னன்னு தெரிஞ்சாகணும். மாஸ்டர் ஊர் பூராச் சொல்லிட்டு இருக்கார்."

"ஊர் பூரா இல்ல சார். ஒரு நாளைக்கு ஆறு பேருகிட்டதான். வண்டியில உக்கார்றவங்க கிட்ட மட்டும்" என்றார் மாஸ்டர்.

வண்டியின் சென்சார்கள் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் சொருகினேன். இந்தச் சோதனை மிக எளிது, யாருக்கும் புரியும். அந்தக் காரில் காற்றழுத்தம் அளக்கும் சென்சார்கள் இரண்டு. ஒன்று எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயில். மாற்றி மாற்றி அலுத்துப்போனது அது. இன்னொன்று எஞ்சினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே ஊரில் காற்றழுத்தம் எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் விட்டால், இரண்டும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே காற்றுதானே. மூன்று முறையும் இரண்டும் நூறு என்றுதான் சொல்லியிருந்தன. நூறு, நூறு. கையெழுத்து.

இந்த முறை குழாய்ச் சென்சார் நூறு என்றது. பெட்டிக்குள் இருந்தது நூற்றுப் பதிமூன்று என்றது.

நான் சாவியை அணைத்து மறுபடி போட்டேன். நூறு. நூற்றுப் பதிமூன்று. என் கைபேசியில் காற்றழுத்தம் பார்த்தேன். நூறும் சொச்சமும். அப்படியானால் பொய் சொல்வது குழாய்ச் சென்சார் இல்லை. இத்தனை நாள் நல்லவனைப் பிடித்துப் பிடித்துத் தூக்கில் போட்டுக்கொண்டிருந்தோம்.

"நூற்றுப் பதிமூணுன்னா என்ன?" என்று கேட்டார் மேனேஜர்.

"நாம எல்லாரும் கடல் மட்டத்துக்குக் கீழ ஒரு கிலோமீட்டர் ஆழத்துல குழி தோண்டி அதுக்குள்ள ஒர்க்‌ஷாப் நடத்தறோம்னு இந்தக் கம்ப்யூட்டர் நினைக்குது சார். ரெண்டு சென்சாரும் முட்டிக்கிட்டதும் அதுக்குக் குழப்பம். எதை நம்பறதுன்னு தெரியாம, எதுக்கு வம்புன்னு எஞ்சினை அடக்கிடுது."

"அப்ப ஏன் மூணு தடவை நல்லா இருந்துச்சு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் நாக்கு எழவில்லை. மூன்று முறையும் நான் காலையில் சோதித்தேன். ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன வண்டியை. இங்கே ஸ்கேனர் ஒன்றுதான். காலை பதினொரு மணிக்கு மேல் அது ஃபோர்மேன் கைக்குப் போய்விடும், என் முறை முதலில் முடிந்துவிடும். இன்று மாஸ்டர் மேட்டிலிருந்து நேராக, சுடச்சுடக் கொண்டுவந்ததால் அகப்பட்டது. ஒரு வண்டி எப்போது கெடுகிறதோ அப்போதுதான் அதைச் சோதிக்க வேண்டும். முதல் வருடப் பாடம். மறந்திருந்தேன்.

"சூடானா மட்டும் கெடுது சார். உள்ள இருக்கற சென்சார் போச்சு. அதைத் தனியா மாத்த முடியாது. கம்ப்யூட்டரையே மாத்தணும்."

மேனேஜர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, படிச்ச புள்ளைன்னா இதான்" என்று ஃபோர்மேனைப் பார்த்துச் சொன்னார். ஃபோர்மேன் டப்பாவை மேசையில் டொக்கென்று வைத்தார். எனக்கு உள்ளே ஜிவ்வென்று ஏறியது, பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாதத் தற்காலிக வேலையில் ஐந்தாவது மாதத்தில் இருந்தேன்.

மாஸ்டர் மட்டும் கம்ப்யூட்டர் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். அவருடைய மூன்று மாத வகுப்பு வருமானம். ஜோக்கடிக்கிற மனிதர் ஜோக்கடிக்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் நான் கண்டுபிடித்தேன் அல்லவா, அந்த இறுமாப்பில் அதைத் தள்ளிவிட்டேன்.

புதுக் கம்ப்யூட்டர் வரவழைக்கப் பழையதின் எண் வேண்டும். பானெட்டைத் தூக்கினேன். இந்த வண்டிகளில் பெட்டி முன்னாலேயே, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும். வயர்களைப் பிடுங்காமல் நான்கு போல்ட்டை மட்டும் கழற்றித் திருப்பினேன். எண் அடிப்பக்கம் இருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு பட்டாணி அளவுக்கு, கறுப்பாக என்னவோ.

சீலன்ட். கண்ணாடி ஓரங்களில் தண்ணீர் ஒழுகாமல் பூசுகிற பசை. அழகாக வட்டமாக வைத்து, விரல் நுனியால் ஒரே இழுப்பில் தடவி மட்டமாக்கியிருந்தது. அந்த இழுப்பு இடது பக்கம் போய் முடிந்தது.

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் ஓரத்தில் அதே இழுப்பு இருக்கிறது. குழாய்க்கு அடியில் இருக்கிறது. என் பழைய மழைக்கோட்டின் தோள் தையலில் இருக்கிறது. அம்மாவுக்கு இடது கைப் பழக்கம்.

அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு துளை. பெட்டி மூச்சுவிடுகிற துளை. அதன் வாயில் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். காற்றை விடும், மழைத் துளியை விடாது. அதை அடைத்துவிட்டால் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட காற்று போக வழியில்லை. எஞ்சின் சூட்டில் அந்தக் காற்று விம்மும். உள்ளே இருக்கிற சென்சார் பாவம், தன்னைச் சுற்றி இருக்கிற காற்றை ஒழுங்காக அளந்து நூற்றுப் பதிமூன்று என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

சாவியைப் போட்டு, ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே, நகத்தால் சீலன்டின் ஓரத்தைக் கிளப்பினேன். புஸ் என்று ஒரு சின்னச் சத்தம். நூற்றுப் பதிமூன்று நூறானது. அப்படியே நின்றது.

சென்சார் கெடவில்லை. கம்ப்யூட்டர் கெடவில்லை. மாஸ்டர் எதுவும் வாங்க வேண்டாம். இதை நான் மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி: யார் அடைத்தது?

அந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். வண்டி கழுவுவதைக் கான்ட்ராக்டில் விடுவதற்கு ஒருவன் இரண்டு முறை வந்து பின்பக்கத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தான். மூன்று பையன்கள், ஒரு மெஷின், பத்து நிமிடத்தில் ஒரு வண்டி என்று பேச்சு. பன்னிரண்டு வருட ஆளைச் சும்மா அனுப்ப மேனேஜருக்குக் கூச்சம். ஒரு காரணம்தான் குறைச்சலாக இருந்தது. அது என் உள்ளங்கையில் இருந்தது, பட்டாணி அளவில்.

பானெட்டை மூடிவிட்டுப் பின்பக்கம் போனேன். அம்மா ஒரு வேனின் சக்கரத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம், இந்தப் பக்கம்?"

"பம்பை நிறுத்து."

"யாராவது பாப்பாங்க."

"பாக்கட்டும். நிறுத்தும்மா."

அந்த 'ம்மா'வைக் கேட்டதும் நிறுத்திவிட்டாள். நான் கையை விரித்துக் காட்டினேன்.

"இது நீ வெச்சதா?"

குனிந்து பார்த்தாள். "ஆமா. எந்த வண்டி? சிவப்பா? ஏன், பிஞ்சிருச்சா? நல்லாத்தானே வெச்சேன்."

"ஏன் வெச்சே?"

"ஏன்னா? மழைக்காலத்துல ஒரு வண்டிக் கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி போயிருச்சுன்னு என்னை நிக்கவெச்சுக் கிழிச்சாங்களே, மறந்துட்டியா? அன்னைக்கு ஃபோர்மேன் அண்ணன்தான் டியூபைக் குடுத்தாரு. 'முன்பக்கம் எங்க ஓட்டை பாத்தாலும் அடைச்சிட்டுத் தண்ணி அடி அக்கா, நாளைக்கு உன் தலைதான் உருளும்'னாரு. அன்னையிலேர்ந்து அடியில கையை விட்டுத் தடவித் தடவி அடைக்கறேன். ஓட்டைய அடைச்சா தண்ணி போகாது. இதுல என்ன?"

"அந்த ஓட்டை வழியா மழை போகாதும்மா. அதுல ஒரு சவ்வு இருக்கு. காத்து மட்டும்தான் போகும். பம்பை நேரா அதுமேல அடிக்காம இருந்தா போதும்."

"தண்ணி போகாத ஓட்டையா?" இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

நான் விரித்த கையை மூடிக்கொண்டேன். கல்லூரி இரண்டாவது வருடத்திலிருந்து. அதற்குப் பிறகும் இத்தனை வருடமாக ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்திருக்கிறோம். சமையலறை ஜன்னலுக்கு அவள் சீலன்ட் பூசும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான். அவள் வேலையைப் பற்றி ஒரு நாள் அவளிடம் கேட்டதில்லை. அது வேலையா, தண்ணீர் அடிப்பதுதானே என்று எங்கோ நானும் நினைத்திருக்கிறேன். ஃபோர்மேன் நினைப்பது போலவே.

"நல்லாருக்கு. நீ படிச்சு வெச்சுக்கிட்டே. நான் அடைச்சு வெச்சுக்கிட்டேன்" என்றாள் அம்மா. கோபமாகக்கூட இல்லை. அதுதான் சுட்டது.

பிறகு கேட்டாள்: "இதனால வண்டிக்கு என்ன ஆகும்?"

"சூடானா இழுக்காது. லாரியை முந்திப் போகும்போது திடீர்னு வேகம் செத்துப்போகும்."

"வண்டிக்குள்ள ஆளு இருக்கும்போதா?"

"ஆளு இல்லாம எப்படிம்மா ஓடும்?"

அவள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இன்னும் நெருங்கிப் போனேன்.

"எத்தனை வண்டிக்கு இப்படி வெச்சே?"

"பெட்டி முன்னாடி இருக்கற வண்டி எல்லாத்துக்கும். முப்பத்து நாலு."

"அவ்வளவு கரெக்டாவா?"

"கடைசியா நம்பர் பிளேட்டைத்தான் துடைப்பேன். அப்படியே மனசுல ஒட்டிக்கும். எல்லா நம்பரும் தெரியும்."

எனக்குச் சட்டென்று ஒரு வெளிச்சம். எஞ்சின் பக்கம் தண்ணீர் அடிப்பது இங்கே இலவசம். ஜாப் கார்டில் ஏறாது. எந்தெந்த வண்டிக்கு அடைத்தது என்று கம்ப்யூட்டரில் எங்கேயும் இல்லை. இந்த ஒர்க்‌ஷாப் முழுக்க ஒரே ஒரு தலைக்குள்தான் இருக்கிறது.

"நம்பரை யாருக்கும் சொல்லாதே. முதல்ல உன்னை அனுப்பமாட்டேன்னு அவர் எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் சொல்லு. நான் பேசறேன்" என்றேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பூட்ஸைக் கழற்றினாள்.

மேனேஜர் அறையில் மாஸ்டரும் ஃபோர்மேனும் ஏற்கெனவே இருந்தார்கள். மாஸ்டர் முன்னால் புதுக் கம்ப்யூட்டருக்கான தாள், கையெழுத்துக்காக. நான் அதை எடுத்து இரண்டாக மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"இது வேண்டாம் சார். கம்ப்யூட்டர் நல்லாருக்கு."

"காலையில போச்சுன்னு சொன்னே?" என்றார் மேனேஜர்.

"தப்பாச் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். துளை, சவ்வு, சீலன்ட், நூற்றுப் பதிமூன்று. அம்மா கதவருகே வெறுங்காலோடு நின்றிருந்தாள். தரையில் இரண்டு ஈரப் பாதம். மாஸ்டர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார்.

"அதாவது பம்பக்கா பண்ண வேலை."

"இல்ல சார். மூணு பேரு பண்ண வேலை."

"எந்த மூணு பேரு?" என்றார் ஃபோர்மேன்.

"அடைக்கச் சொன்னது நீங்க. அடைச்சது அம்மா. அடைச்ச வண்டியை ஆறப்போட்டுச் சோதிச்சு நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான். இந்த ஒரு வண்டியில மூணு தடவை. மத்த வண்டிங்கள்ல எத்தனைன்னு இனிமேதான் கார்டை எடுத்துப் பாக்கணும். அப்படியேதான் ரிப்போர்ட்ல எழுதுவேன். என் பேரை முதல்ல போட்டுக்கறேன்."

ஃபோர்மேன் எழுந்தே விட்டார். "நான் எப்ப கம்ப்யூட்டரை அடைக்கச் சொன்னேன்? தண்ணி போகாமப் பாத்துக்கன்னுதான் சொன்னேன். என்னை எங்க இழுக்கறே? உங்கம்மாவைக் காப்பாத்த நான் பலியாடா?"

"இவரைத் தொட்டா இவரு விடமாட்டாரு, அக்காவைத் தொட்டா யாரும் கேக்கமாட்டாங்க. அதானே சார் கணக்கு?" நான் மேனேஜரைப் பார்த்துத்தான் கேட்டேன். குரல் உயர்ந்திருந்தது. உயர்ந்தால் உயரட்டும்.

"குரலை இறக்கிப் பேசு. நீ இன்னும் டெம்பரரிதான்" என்றார் மேனேஜர்.

அப்போது அம்மா கதவருகிலிருந்தே பேசினாள். சண்டை இழுக்கிற குரல் இல்லை. கடையில் பாக்கெட்டைக் காட்டி இது உங்களுடையதா என்று கேட்கிற குரல்.

"அண்ணே. டியூபு நீங்கதானே குடுத்தீங்க? மூணு டியூபு தீர்ந்துபோச்சு, நாலாவதையும் நீங்கதானே ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு வாங்கிக் குடுத்தீங்க. ஜன்னலுக்குப் பூசறதுக்கா வாங்கினீங்க?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நான் வேணா வெளிய இருக்கட்டுமா?" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு நல்ல இடத்தில் எழுந்து போக யாருக்குத்தான் மனசு வரும்.

ஃபோர்மேன் உட்கார்ந்தார். தன் கை மசியைப் பார்த்தார்.

"குடுத்தேன்" என்றார். "கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு ஓட்டை இருக்குன்னு எனக்கே தெரியாது."

அவர் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை ஐந்து மாதத்தில் முதல் முறையாகக் கேட்டேன். சந்தோஷப்படலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "மூணு பேரையும் அனுப்பிட்டா ஷட்டரை நான்தான் இறக்கணும். சரி. எந்தெந்த வண்டி?"

இதுதான் சமயம். நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினேன். முதலில் எழுதி வாங்கு.

"எழுதிக்க" என்றாள் அம்மா. "நாற்பத்தொண்ணு பதினேழு. அறுபது எண்பத்து மூணு. ரெண்டாயிரத்து எட்டு, அது நீல வண்டி, ஒரு அம்மா ஓட்டிட்டு வருவாங்க, எப்பவும் நாய் முடி. எழுதலையா நீ?"

எழுதினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். கையில் இருந்த ஒரே ஆயுதத்தை அவள் பொரி மாதிரி வாரி இறைத்துக்கொண்டிருந்தாள். எங்கும் தடுமாறாமல் முப்பத்து நான்கையும் சொல்லி முடித்தாள். சிவப்புக் காருடையதும் அதில் ஒன்று. மேனேஜர் தாளை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"எல்லாரையும் கூப்பிடுங்க. முப்பத்து நாலும் திரும்பி வரணும். அதுக்குள்ள ஒண்ணு ரோட்டுல நின்னு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, அக்கா, என்னால உங்களை வெச்சுக்க முடியாது. இவங்க ரெண்டு பேரு சமாச்சாரம் அப்புறம்."

"இவங்க ரெண்டு பேரு அப்புறம்" என்று அதே குரலில் நான் திருப்பிச் சொன்னேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள்.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "ஏன் சொன்னே? சொல்லாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்ல?"

"நாய் முடி அம்மா பின்சீட்டுல ஸ்கூல் பை வெச்சிருப்பாங்க. அதையும் நான்தான் தூக்கி வெச்சுத் துடைப்பேன். நீ எழுதி வாங்கிட்டு வர்ற வரைக்கும் அந்தப் பையி ரோட்டுல போயிட்டிருக்கணுமா?" என்றாள். "போனைப் போடு."

மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஃபோனும் கையுமாக இருந்தோம். வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர் எண் வரும். நான் பேசினேன். அம்மா பக்கத்தில் நின்று யார் எப்படிப்பட்டவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "இவரு கத்துவாரு, கத்தி முடிக்கட்டும், அப்புறம் பேசு." கத்தினார். "இவங்களுக்குக் காது மந்தம், சத்தமாச் சொல்லு." சத்தமாகச் சொன்னேன். 'வேகமாக ஓட்டாதீர்கள், மேட்டுக்குப் போகாதீர்கள், முடிந்தால் இன்றே கொண்டு வாருங்கள்.' ஏன் என்று கேட்டவர்களிடம் எங்கள் தவறு என்றேன். அந்த இரண்டு சொல்லைத் தொடர்ந்து முப்பது முறை சொன்னால் நாக்கு பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. ஃபோர்மேன் வந்து வந்து நின்ற வண்டிகளின் பானெட்டைத் திறந்து வைத்தார். அம்மா வெந்நீரில் கட்டைவிரலை நனைத்து, சீலன்டின் ஓரத்தை மெல்ல உருட்டி, சவ்வு கிழியாமல் முழுசாக எடுத்தாள்.

நான்கு மணிக்குப் பன்னிரண்டு வண்டி முடிந்தது. மற்றவர்கள் நாளை வருகிறோம், வண்டியை எடுக்க மாட்டோம் என்றார்கள். ஒருவர் மட்டும் ஃபோனை எடுக்கவில்லை. எழுபத்திரண்டு சைபர் ஐந்து. பதினோரு முறை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"வெள்ளை வண்டி. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில ஷிஃப்ட்டு. பின்னாடி கைக்குழந்தை சீட்டு இருக்கும்" என்றாள் அம்மா. பன்னிரண்டாவது முறை அடித்தேன். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒவ்வொரு மணியோசைக்கும் என் மனதுக்குள் ஒரு லாரி எதிரே வந்தது.

மாஸ்டர் இன்னும் போகவில்லை. "என் வண்டியைச் சூடாக்கித்தானே பாக்கணும்? விலாசம் சொல்லுங்க. நான் ஓட்டறேன், நீ மெஷினைப் பாரு" என்றார்.

அம்மா ஒரு ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். உட்காருவதற்கு முன் சீட்டின் மேல் பாலித்தீனை விரித்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் எத்தனை காருக்குள் ஏறியிருப்பாள், ஒன்றிலாவது உட்கார்ந்து எங்கேயாவது போயிருப்பாளா? கேட்கவில்லை. கேட்டால் அழுதிருப்பேன், அதற்கு நேரமில்லை.

"அக்கா, பெல்ட்டு" என்றார் மாஸ்டர். அம்மாவுக்குப் போடத் தெரியவில்லை. நான் திரும்பிக் குனிந்து போட்டுவிட்டேன்.

வண்டி இழுத்தது. மேட்டில் ஏறும்போது மாஸ்டர் "ஆஹா" என்றார். சிக்னலில் எஞ்சினை நிறுத்தும்போதெல்லாம் நான் மடியில் இருந்த ஸ்கேனரைப் பார்த்தேன். நூறு, நூறு. சூடு ஏற ஏற அப்படியே. ஒவ்வொரு முறை ஒரு வெள்ளை வண்டி எதிரே வந்தாலும் அம்மா கழுத்தை நீட்டி எண்ணைப் பார்த்தாள். "இல்ல." அடுத்தது. "இல்ல."

ஒரு திருப்பத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மாஸ்டர் வேகத்தைக் கூட்டினார்.

அந்த வீடு ஒரு குறுகிய தெருவின் கோடியில். வாசலில் வெள்ளை வண்டி நின்றது. எழுபத்திரண்டு சைபர் ஐந்து. மாஸ்டர் நிறுத்துவதற்குள் அம்மா பெல்ட்டோடு இறங்கப் பார்த்து மாட்டிக்கொண்டாள். நான் ஓடிப் போய் பானெட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது. இப்போதுதான் வந்து நின்ற சூடு.

கதவைத் திறந்தவருக்குக் கண்ணெல்லாம் தூக்கம், தோளில் குழந்தை. "போனை சைலன்ட்ல போட்டுட்டேன். இவன் தூங்கறான்னு" என்றார். "வழியில ரெண்டு இடத்துல இழுக்கவே இல்ல. பின்னாடி வந்த பஸ்காரன் வெச்சு வாங்கிட்டான். நானே கூப்பிடணும்னு நினைச்சேன்."

நான் எங்கள் தவறு என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அம்மா சாவியைக் கேட்டு வாங்கிப் பானெட்டைத் திறக்கச் சொன்னாள். நான்கு போல்ட்டை நான் கழற்றினேன். அவள் ஃப்ளாஸ்க் மூடியில் விரலை நனைத்தாள். அந்தக் கறுப்புப் பட்டாணி சுருண்டு வந்தது. புஸ் என்றது. குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. அம்மா அதைப் பார்த்து "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள்.

என் ஃபோன் அடித்தது. மேனேஜர்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஒண்ணும் ஆகல."

மறுமுனையில் பெருமூச்சு. "சரி. நாளைக்கு இருபத்தோரு வண்டி வருது. அக்காவைச் சீக்கிரம் வரச் சொல்லு. அந்தச் சவ்வு கிழியாம எடுக்க இங்க வேற யாராலயும் முடியல. ஃபோர்மேன் இப்பதான் ஒண்ணைக் கிழிச்சு வெச்சிருக்கார்."

"நாளைக்கு மட்டுமா சார், அதுக்கப்புறமுமா?"

"கான்ட்ராக்ட்காரனை இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ அவங்ககிட்டச் சொல்லிடு."

"நான் சொல்லமாட்டேன். பன்னிரண்டு வருஷ ஆளு. நீங்களே சொல்லுங்க" என்று ஃபோனை அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஃபோனை இரண்டு விரலால் வாங்கிக் காதில் வைத்தாள். கேட்டாள். தலையாட்டினாள், அவருக்குத் தெரியாது என்பதை மறந்து இன்னொரு முறையும் ஆட்டினாள்.

"வர்றேன் சார். ஏழு மணிக்கே வர்றேன்" என்றாள். பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஆனா சார், இருபத்தோரு வண்டின்னா தனி ஆளா முடியாது. கூட ஒரு ஆள் போடணும்."